ஸ்டார்ட் ஆகாத ஜெனரேட்டர்: கார்புரேட்டரைக் கழுவுவதா, புதிதாக வாங்குவதா?

மழைக்காலம் நெருங்கினால் மூலையில் கிடக்கும் ஜெனரேட்டரையும் பம்பையும் எல்லோரும் வெளியே எடுப்போம். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடைப்பைப் பற்றியவை. அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கஜா புயலுக்குப் பிறகு, 2019-ல் ஒரு 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினோம். வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் ஓடும். எட்டு மாதம் கழித்து இப்போது எடுத்தால், சோக்கைப் பாதி இழுத்து வைத்தால்தான் ஓடுகிறது. சோக்கைத் தள்ளினால் சத்தம் ஏறி இறங்கி, கடைசியில் நின்றுவிடுகிறது. கார்புரேட்டர் போய்விட்டது, புதிது 3,800 ரூபாய் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா? (வாசகர், வேதாரண்யம்)

பதில்: இப்போதே மாற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறியிலேயே பாதி விடை இருக்கிறது. சோக்கை இழுத்தால் காற்று குறையும், பெட்ரோலின் விகிதம் கூடும். அப்போது மட்டும் இன்ஜின் ஓடுகிறது என்றால், மற்ற நேரத்தில் அதற்குப் போதிய பெட்ரோல் போகவில்லை என்று பொருள். சத்தம் ஏறி இறங்குவதும் இதனால்தான். வேகம் குறைந்ததும், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் என்ற அமைப்பு, கார்புரேட்டரின் கதவு போன்ற திராட்டிலைத் திறக்கிறது, வேகம் கூடுகிறது. உடனே கவர்னர் மூடுகிறது, பெட்ரோல் போதாமல் வேகம் மறுபடி விழுகிறது. இந்த நிலையில் ஃபிரிட்ஜையோ டிவியையோ அதில் மாட்டாதீர்கள். இந்த ரக ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் தரும். சுற்று ஆடினால் மின்சாரமும் ஆடும்.

அடைப்பு எப்படி வருகிறது? கார்புரேட்டரின் அடியில் இருக்கும் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் தங்கியிருக்கும். மாதக்கணக்கில் நின்றால் அதிலுள்ள லேசான பகுதிகள் ஆவியாகிவிடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகும். சுமை குறைவாக இருக்கும்போது பெட்ரோலை அளந்து விடும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை அடைக்க ஒரு துளிப் பிசின் போதும்.

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா கரை கடந்த பிறகு வந்த நாட்களில் நான் பிரித்துப் பார்த்த ஜெனரேட்டர்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தன. கிண்ணத்தின் அடியில் பச்சையும் மஞ்சளும் கலந்த பசை, பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தது போன்ற வாடை. ஊரே இருட்டில் கிடந்தபோது, நல்ல இன்ஜின்கள் கால் ஸ்பூன் பழைய பெட்ரோலால் முடங்கிக் கிடந்தன. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் எளிமையான சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா பாருங்கள். அது அடைத்திருந்தால் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுவிடும். பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கின் அடியில் சின்னக் குப்பி இருந்தால் கழற்றித் துடையுங்கள். ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் பாருங்கள். இதிலேயே சரியாகிவிட்ட இன்ஜின்கள் நிறைய.

சரியாகவில்லை என்றால் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியதுதான். இதைத் திறந்த வெளியில், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு செய்யுங்கள். பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது. கழற்றுவதற்கு முன் செல்போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கவர்னரிலிருந்து வரும் கம்பியும் அதோடு ஓடும் மெல்லிய ஸ்பிரிங்கும் எந்தத் துளையில் மாட்டியிருந்தன என்பது மாட்டும்போது நிச்சயம் குழம்பும்.

கிண்ணத்தைக் கழற்றினால் நடுத்தண்டில், சுமை ஏறும்போது பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட் தெரியும். அதை எடுத்தால் பக்கவாட்டில் துளைகள் உள்ள ஒரு பித்தளைக் குழாய் கீழே விழும். அந்தத் துளைகளும் திறந்திருக்க வேண்டும். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு இருக்கும் தொல்லை பெரும்பாலும் பைலட் ஜெட்டில்தான் இருக்கும். ஹோண்டா ஜிஎக்ஸ்160 இன்ஜினிலும், அதைப் பார்த்துச் செய்த 168எஃப் வகை இன்ஜின்களிலும், பைலட் ஜெட் கார்புரேட்டரின் மேல்பக்கத்தில் பிளாஸ்டிக் தலையோடு செருகியிருக்கும். சுமையில்லாத வேகத்தைச் சரிசெய்யும் ஐட்லிங் ஸ்க்ரூவைக் கழற்றினால்தான் அது மேலே வரும். கண்ணுக்கு ஜெட் மாதிரியே தெரியாததால், கார்புரேட்டரை மூன்று முறை கழுவிய மெக்கானிக்கூட அதைத் தொடாமல் விட்டிருப்பார். அவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "பைலட் ஜெட்டை வெளியே எடுத்துப் பார்த்தீர்களா?"

ஜெட்டைக் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயில் நனைத்து ஊறவிட்டு, மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பியால் மெதுவாகக் குத்தி எடுங்கள். ஊசி, டிரில் பிட் எதுவும் வேண்டாம். பித்தளை மென்மையானது, துளை மயிரிழை அளவு பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும், அப்புறம் அந்த ஜெட்டைத் தூக்கிப்போட வேண்டியதுதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். கார்புரேட்டர் உடம்பில் இருக்கும் நுண்வழிகளிலும் ஸ்பிரே அடித்து, அது மறுமுனையில் வருகிறதா பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அது எந்த ஓட்டை வழியாக முகத்தில் பீய்ச்சும் என்று சொல்ல முடியாது. ரப்பர் வாஷர்களையும், கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான புளோட்டையும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள், ஸ்பிரே பட்டால் ரப்பர் உப்பிவிடும்.

சரி, எப்போது மாற்றலாம்? உள்ளே வெள்ளைப் பொடி பூத்து, அதைத் துடைத்தால் உலோகமே அரித்துக் குழியாக இருந்தால் மாற்றுங்கள். உங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு இது சீக்கிரம் வரும். திராட்டில் தண்டு ஆடினாலும், கிண்ணத்துக்குப் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் புளோட் ஊசியைப் புதிதாகப் போட்டும் பெட்ரோல் வழிந்துகொண்டே இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். வழியும் பெட்ரோல் சிலிண்டர் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் மட்டம் ஏறியிருந்து பெட்ரோல் வாடையும் வந்தால், ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுக்கவே கூடாது.

இவை எதுவும் இல்லையென்றால் நல்ல கம்பெனி கார்புரேட்டரைத் தூக்கி எறிய மனம் ஒப்பவில்லை. கழுவும் கூலியோடு வாஷர் செட்டும் ஒரு புளோட் ஊசியும் சேர்த்தாலும், புதிய கார்புரேட்டரின் விலையில் சிறு பங்குதான் ஆகும். மாற்றியே தீர வேண்டும் என்றால் பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் பொருள்.

கடைசியாக ஒன்று. சோதித்துப் பார்க்கும்போதுகூட ஜெனரேட்டரை வராந்தாவிலோ ஜன்னல் ஓரத்திலோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

கேள்வி: தென்னந்தோப்பில் புல் வெட்டும் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர். நாலு வருடம் ஆகிறது. ஜெட்டைச் சுத்தம் செய்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: இதில் இருப்பது வேறு வகைக் கார்புரேட்டர். மிஷினைச் சாய்த்துப் பிடித்தும் வேலை செய்வதால் இதில் கிண்ணமும் புளோட்டும் கிடையாது, டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வுதான் பெட்ரோலை இழுக்கிறது. நாளாக ஆக அது விறைத்துவிடும். கழற்றி விரலால் அழுத்திப் பாருங்கள். வாழை இலைச் சருகு போலச் சரசரத்தால் அதன் ஆயுள் முடிந்தது, எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. கார்புரேட்டரில் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் சொல்லி டயாஃப்ரம் கிட் வாங்குங்கள். டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர், வெடித்த பெட்ரோல் டியூப், கையால் அமுக்கும் பிரைமர் குமிழ் இவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

மாட்டும்போது வரிசை முக்கியம். ஊசியையும் நெம்புகோலையும் இயக்கும் பக்கத்தில் பொதுவாக உடம்பை ஒட்டி முதலில் காஸ்கெட் (கசிவைத் தடுக்கும் மெல்லிய தகடு), அதன்மேல் டயாஃப்ரம். பெட்ரோலை உறிஞ்சும் பம்ப் பக்கத்தில் நேர்மாறு, முதலில் டயாஃப்ரம், பிறகு காஸ்கெட். இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டுப் புதுக் கார்புரேட்டர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

மலிவான பெயரில்லாத மிஷின் என்றால் என் கணக்கு வேறு. அதற்கு முழுக் கார்புரேட்டரே கிட் விலைக்குப் பக்கத்தில் கிடைக்கும், அங்கே மாற்றிவிடுவதுதான் நேரத்துக்கும் லாபம். ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். தேவைக்கு ஏற்ப ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி: புளி, எலுமிச்சைச் சாறு போட்டுக் கொதிக்க வைத்தால் கார்புரேட்டர் பளபளப்பாகிறதே, செய்யலாமா? மண்ணெண்ணெய்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: புளி பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்லது. கார்புரேட்டர் உடம்பு அலுமினியமோ துத்தநாகக் கலவையோதான், புளிப்பு அதை அரித்துக் கறுக்க வைக்கும். மண்ணெண்ணெய் வெளி அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கும். உள்ளே காய்ந்து இறுகிய பிசினுக்கு அது போதாது.

கேள்வி: ஆன்லைனில் என் பம்ப் மாடலுக்குப் பொருந்தும் என்று போட்டிருந்த கார்புரேட்டரை வாங்கினேன். போல்ட் துளைகளே ஒத்துவரவில்லை. உதிரிபாகத்துக்கு ரிட்டர்ன் கிடையாது என்கிறார் விற்பவர். (வாசகர், மன்னார்குடி)

பதில்: அந்தப் பதில் செல்லாது. 2020-ம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருள் குறையுடையதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமல் போனாலும், விற்பவர் திரும்பப் பெற மறுக்க முடியாது. "இந்த மாடலுக்குப் பொருந்தும்" என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்ததுதான் உங்கள் பலம். அது மாற்றப்படுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பழைய கார்புரேட்டரையும் புதியதையும் அளவுகோலோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். பொருளைப் பெட்ரோலில் நனைக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போக வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 900 ரூபாய்ப் பொருளுக்கு யார் அலைவது என்று விட்டுவிடாதீர்கள். 1915-க்குச் செய்யும் ஒரு போன் காலிலேயே இறங்கிவருபவர்கள் உண்டு.

ஆனால் விற்பனைப் பக்கத்தில் மாடல் பெயரே இல்லாமல், படத்தைப் பார்த்து நீங்களாக வாங்கியிருந்தால் வழக்கு வலுவிழக்கும். ஒரே இன்ஜின்தான் என்றாலும் பம்புக்கு வரும் கார்புரேட்டரும் ஜெனரேட்டருக்கு வருவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சோக் அமைப்பு மாறும், ஜெட் அளவு மாறும். அடுத்த முறை கார்புரேட்டர் எண்ணை வைத்து வாங்குங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் காரணம் எத்தனால் கலந்த பெட்ரோல்தானே? பெட்ரோல் கெடாமல் இருக்க அதில் கலக்கும் ஸ்டெபிலைசர் வாங்கி ஊற்றினால் போதுமா? (வாசகர், சென்னை)

பதில்: எத்தனாலுக்கும் பங்கு உண்டு, முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது. எத்தனால் இல்லாத காலத்திலும் கார்புரேட்டர் பிசின் பிடித்தது. இந்தியாவில் 2022-ல் 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது, 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பான இ20 அறிமுகமானது, இப்போது பெரும்பாலான பங்க்குகளில் கிடைப்பது அதுதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் பாதி காலியான டேங்க் மாதக்கணக்கில் நின்றால், ஈரம் அளவு மீறி, தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் இறங்கும். கார்புரேட்டருக்குப் போகும் வழியும் டேங்கின் அடியில்தானே இருக்கிறது. பழைய மிஷின்களின் ரப்பரும் இந்தக் கலப்பை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. சந்தேகம் இருந்தால் கிண்ணத்துப் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்கையும் கழுவ வேண்டும். அந்தப் பெட்ரோலைக் கிணற்றடியிலோ சாக்கடையிலோ ஊற்றிவிடாதீர்கள்.

ஸ்டெபிலைசர் புதுப் பெட்ரோல் கெடுவதைத் தள்ளிப்போடும். கெட்ட பெட்ரோலை நல்லதாக்காது. ஊற்றினால் பத்து நிமிடமாவது இன்ஜினை ஓட்டி, அது கார்புரேட்டர் வரை போகச் செய்ய வேண்டும். நான் அதற்குக் காசு செலவழிப்பதில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப்போகும் மிஷினில் டேங்கை வடித்து, பெட்ரோல் காக்கை மூடி, தானாக நிற்கும்வரை ஓட்டுகிறேன். அப்புறம் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்சத் துளிகளையும் வடித்துவிடுகிறேன். ஐந்து நிமிட வேலை. ஐப்பசி பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றி, ஒரு மின்விசிறியும் இரண்டு விளக்கும் மாட்டி, கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கோளாறு இருந்தால் மெக்கானிக்குக் கை ஓய்வாக இருக்கும்போதே தெரிந்துவிடும்.