வாசகர் கேள்வி: அடுக்கடுக்காய்க் கல்லறைகள்

கேள்வி: செக் நாட்டின் பிராக் நகரிலுள்ள பழைய யூதர் கல்லறைத் தோட்டத்தில் கற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சாய்ந்து நிற்பது ஏன்?

பதில்: இட நெருக்கடியே காரணம். யூதர்களுக்கு அடக்கத்திற்கான வேறு நிலம் எளிதில் கிடைக்கவில்லை. புதைத்த உடலைத் தோண்டி அகற்றுவதையோ அவர்களுடைய சமய நெறி ஏற்பதில்லை. ஆகவே இடம் தீர்ந்தபோது, பழைய கல்லறைகளின் மேல் புதுமண் பரப்பி அதில் அடக்கம் செய்து, கீழிருந்த கற்களையும் மேலே உயர்த்தி நட்டார்கள். மறைந்தோர் பெயர் மண்ணுக்குள் புதைந்துவிடக் கூடாது என்ற அந்த அக்கறை போற்றத்தக்கது. இவ்வாறு பல அடுக்குகளுக்கு உரிய கற்கள் ஒரே தளத்தில் கூடின. இன்று ஏறத்தாழ 12,000 கற்கள் உள்ளன. இங்கு நடப்பட்டவற்றுள் மிகப் பழையது, 1439-இல் மறைந்த அறிஞரும் கவிஞருமான அவிக்தோர் காராவுடையது. யூத சமய அறிஞரான ரபி லோவ் 1609-இல் இங்கே அடக்கம் செய்யப்பட்டார். 1787-க்குப் பின் இங்கு அடக்கம் நடைபெறவில்லை.