கால்களிலிருந்து தொடங்குங்கள்: ‘ஆர்மர்ட் கோர்’ கேள்வி–பதில்

பிளேஸ்டேஷனின் முதல் தலைமுறை விளையாட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கும் மேல், பாகம் பாகமாகக் கோத்த போர் எந்திரத்தை ஓட்டிச் சண்டையிடும் ‘ஆர்மர்ட் கோர்’ என்ற ஒரே விளையாட்டுத் தொடரைப் பற்றியவை. அவற்றிலும் பெரும்பாலானவை அரீனா எனப்படும் களத்தில் ஒற்றைக்கு ஒற்றையாக மோதுவதற்கு எந்திரத்தை எப்படிக் கோப்பது என்றே கேட்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த பொருள் இது. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: முதல் விளையாட்டில் சேர்த்த பணத்தையெல்லாம் போட்டு முதுகில் ஏற்றும் பீரங்கியும் பெரிய ஏவுகணைப் பெட்டியும் வாங்கினேன். பொருத்திப் பார்த்தால் எடை வரம்பு மீறிவிட்டது என்கிறது திரை. ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் துப்பாக்கி மட்டும்தான் மிஞ்சுகிறது. எந்த வரிசையில் கோக்க வேண்டும்?

பதில்: ஆயுதத்தைப் பார்த்ததும் மனம் அதில் போய்விடுகிறது, அதைச் சுமக்கப்போகும் கால்கள் நினைவுக்கு வருவதில்லை. ஆரம்பத்தில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம். இந்த விளையாட்டில் தலை, மார்பு, கைகள், கால்கள், மின்சக்தி தரும் ஜெனரேட்டர், எந்திரத்தை உந்திப் பறக்கவைக்கும் பூஸ்டர், குறிவைக்கும் கணினி, இரு கைகளுக்கும் முதுகின் இரு பக்கங்களுக்கும் உரிய ஆயுதங்கள் என ஒவ்வொன்றும் தனித்தனியே விலைக்குக் கிடைக்கின்றன. ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எடை உண்டு, இயங்கும்போது அது இழுக்கும் மின்சக்திக்கும் ஓர் அளவு உண்டு. எடைக்கணக்கைக் கால்கள் தீர்மானிக்கின்றன, சக்திக்கணக்கை ஜெனரேட்டர் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் முதலில் முடிவு செய்துவிட்டு, மீதமுள்ள இடத்துக்குள் ஆயுதங்களைத் தேடுவதுதான் சரியான வரிசை.

கால்களில் நான்கு வகை உண்டு. மனிதக் கால்களைப் போன்ற இருகால் வகை எதிலும் மிகச் சிறந்ததில்லை, எதிலும் மோசமானதுமில்லை. ஆகவே பழகுவதற்கு அதுவே ஏற்றது. பறவையின் கால்போல முழங்கால் பின்னோக்கி மடங்கும் வகை உயரத் தாவும். நான்குகால் வகை தரையோடு தரையாக வேகமாக வழுக்கிச் செல்லும், ஆனால் மின்சக்தியை அதிகம் உறிஞ்சும். டாங்கியைப் போன்ற சங்கிலிச்சக்கர வகை மெதுவாக நகரும், மெதுவாகத் திரும்பும், ஆனால் கடையில் உள்ள எதைக் கொண்டுவந்து ஏற்றினாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். உங்களுக்குப் பீரங்கி மேல்தான் ஆசை என்றால் அதை விட வேண்டியதில்லை, கால்களை மாற்றுங்கள். நான்குகாலும் சங்கிலிச்சக்கரமும் நகர்ந்துகொண்டே பீரங்கியால் சுட முடியும். மற்ற இரண்டும் ஒவ்வொரு முறையும் நின்று, மண்டியிட்டுத்தான் சுட வேண்டும். களத்தில் ஒரு நொடி அசையாமல் நிற்பது எவ்வளவு பெரிய விலை என்பதை முதல் தோல்வியிலேயே உணர்ந்துவிடுவீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய பாகங்களைக் கடையில் வாங்கிய விலைக்கே திரும்ப விற்றுவிடலாம். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே இதன் வடிவமைப்பாளர்களை நான் பாராட்டுவேன். ஒரு கால் பொருந்தவில்லை என்றால் நட்டமின்றி விற்றுவிட்டு வேறொன்றை வாங்கிப் பார்க்கலாம். கராஜிலேயே உள்ள சோதனைக் களத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கவும் வழியுண்டு. வாங்கிய பொருளை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: சண்டை தொடங்கியதும் நன்றாகத்தான் பறக்கிறேன். நடுவில் திடீரென்று பூஸ்டர் அணைந்து, எந்திரம் தரையில் நடக்க ஆரம்பித்துவிடுகிறது. அந்த நேரத்தில் எதிரி என்னைச் சல்லடையாகத் துளைத்துவிடுகிறான். விலை அதிகமான பூஸ்டரை வாங்கினால் இது சரியாகுமா?

பதில்: விலை அதிகமான பூஸ்டர் பல நேரங்களில் இதை மேலும் மோசமாக்கிவிடும். ஏனெனில் தள்ளும் விசை கூடுவதோடு அது செலவிடும் சக்தியும் கூடக்கூடும். உங்கள் சிக்கல் ஜெனரேட்டரிலும் பொத்தானை அழுத்தும் பழக்கத்திலும் இருக்கிறது.

ஜெனரேட்டரில் பார்க்க வேண்டியவை இரண்டு: அது உற்பத்தி செய்யும் அளவு, அது சேமித்து வைத்துக்கொள்ளும் அளவு. உற்பத்தியில் ஒரு பகுதியை எந்திரத்தின் பாகங்கள் சும்மா நிற்கும்போதே எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் இருப்பதால்தான் திரையோரம் சேமிப்பின் அளவைக் காட்டும் அந்தக் கோடு மீண்டும் நிரம்புகிறது. பாகங்களெல்லாம் சேர்ந்து உற்பத்தியில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டால், எவ்வளவு பெரிய சேமிப்பு இருந்தாலும் ஒரு முறை வற்றியது நிரம்ப நெடுநேரம் ஆகும். கோடு முழுவதுமாக வற்றிவிட்டால் நிலைமை இன்னும் கடுமை: அது மறுபடி முழுதும் நிரம்பும்வரை பூஸ்டரும் வேலை செய்யாது, லேசர்த் துப்பாக்கியும் லேசர் வாளும் வேலை செய்யா. நீங்கள் துளைக்கப்படுவது அந்தக் காத்திருப்பு நேரத்தில்தான்.

ஆகவே முதலில், தலையையும் கைகளையும் தேர்ந்தெடுக்கும்போது அவற்றின் கவசத்தை மட்டும் பார்க்காமல் அவை இழுக்கும் சக்தியையும் பாருங்கள். கவசத்தில் சற்றே குறைந்தாலும் சக்தியை மிச்சப்படுத்தும் தலை, பல சண்டைகளில் கூடுதல் கவசத்தைவிட அதிகம் காப்பாற்றும். அடுத்து, பூஸ்டர் பொத்தானை அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டி விடப் பழகுங்கள். எழும்பி, விட்டு, விழத் தொடங்கும்போது மறுபடி தட்டினால், விட்ட இடைவெளியில் கோடு கொஞ்சம் ஏறிக்கொள்ளும். அது அபாய அளவைத் தொடும் முன்பே தரைக்கு வந்துவிட வேண்டும். இது கைக்கு வரச் சில நாட்கள் ஆகும். எனக்கு வந்த பிறகு, அதற்கு முன் நான் வாங்கிக் குவித்த பாகங்களில் பாதி தேவையற்றவை என்று புரிந்தது.

‘வெப்பம் ஏறுவதால் இப்படி ஆகிறதா?’ என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வெப்பக்கணக்கும் அதைத் தணிக்கும் ரேடியேட்டரும் 2000இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த ‘ஆர்மர்ட் கோர் 2’இல்தான் சேர்ந்தன. நீங்கள் விளையாடும் முதல் தலைமுறையில் அந்தக் கவலை இல்லை.

கேள்வி: அரீனாவுக்காகவே விளையாட வேண்டும் என்றால் பழைய மூன்றில் எதிலிருந்து தொடங்குவது?

பதில்: 1997 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்த முதல் ‘ஆர்மர்ட் கோர்’இல் அரீனாவே கிடையாது. அதில் ரேவன்கள் எனப்படும் கூலிப்படை ஓட்டுநர்களின் தரவரிசை உண்டு, ஆனால் அந்தப் பட்டியலில் ஒவ்வொருவராக அறைகூவி மேலேறும் ஏற்பாடு இல்லை. அதே ஆண்டின் இறுதியில் வந்த ‘புராஜெக்ட் ஃபேன்டஸ்மா’தான் அரீனாவை அறிமுகம் செய்தது. 1999இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் அரீனா’ பெயருக்கேற்றபடி கதையையே களத்தின் மீது கட்டியது: ‘நைன்பால்’ என்ற சிவப்பு எந்திரத்தால் குடும்பத்தை இழந்த ஒருவன், அதை எதிர்கொள்வதற்காகப் படிப்படியாக மேலேறுகிறான். இரண்டு வட்டுகளில் வந்த அந்த விளையாட்டின் இரண்டாம் வட்டு முழுவதும் களச் சண்டைக்கே உரியது.

ஆயினும் முதலாவதிலிருந்தே தொடங்குங்கள் என்பேன். சேமித்த கோப்பை அடுத்தடுத்த விளையாட்டுக்குக் கொண்டுசெல்ல முடியும் என்பதால், நீங்கள் தேடிச் சேர்த்த பாகங்கள் வீணாவதில்லை. பணிகளில் கிடைக்கும் ஊதியத்திலிருந்து சுட்ட குண்டுக்கும் பழுதுபார்ப்புக்கும் பணம் கழிக்கப்படுவதால், ஒவ்வொரு குண்டையும் எண்ணிச் சுடும் பழக்கமும் அங்கேதான் வரும்.

கேள்வி: நைன்பால் வானத்தில் பறந்துகொண்டே கையெறிகுண்டு பீரங்கியைச் சுடுகிறது. அதுவும் இரண்டு கால் எந்திரம்தானே? எனக்கு மட்டும் ஏன் மண்டியிட வேண்டியிருக்கிறது? கடனில் விழுந்தால் எனக்கும் அந்தச் சக்தி கிடைக்கும் என்று நண்பர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில்: நண்பர் சொல்வது முதல் விளையாட்டைப் பொறுத்தவரை உண்மை. உங்கள் கையிருப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே 50,000 கிரெடிட்டைத் தாண்டிச் சரிந்தால், கடனுக்கு ஈடாக உங்கள் ஓட்டுநர் ‘ஹியூமன் பிளஸ்’ என்னும் உடல்மாற்றப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டு, விளையாட்டு தொடக்கத்துக்குத் திரும்பும். மாற்றப்பட்ட உடலோடு ஓட்டும்போது ரேடார் பொருத்தாமலேயே ரேடார் தெரியும், இருகாலில் நகர்ந்துகொண்டும் பறந்துகொண்டும் பீரங்கியால் சுடலாம். தோற்றுக்கொண்டே இருப்பவருக்குக் கைகொடுக்கும் வழியாகவும், அதே வேளையில் கடன்பட்ட கூலிக்காரனின் உடலையே நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளும் கொடுமையாகவும் இந்த ஏற்பாடு ஒருங்கே அமைந்திருக்கிறது. கதையையும் கணக்கையும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிய விளையாட்டு அந்தக் காலத்தில் மிகக் குறைவு.

ஆனால் நீங்கள் கேட்டது செய்யலாமா என்பது. ஒரு முறை விளையாட்டை நேர்வழியில் முடித்த பிறகு செய்யுங்கள், அதற்கு முன் வேண்டாம். மண்டியிட வேண்டிய கட்டாயம் இருக்கும்வரைதான் எங்கே மண்டியிடுவது, எந்தச் சுவரின் மறைவில், எதிரியின் எந்த அசைவுக்குப் பிறகு என்றெல்லாம் யோசிக்கிறோம். அந்த யோசனைதான் பின்னால் களத்தில் உங்களைக் காக்கும்.

நைன்பாலை எதிர்கொள்வதற்குச் சில குறிப்புகள். அதன் பல்ஸ் துப்பாக்கி மின்சக்தி வகை ஆயுதம், ஏவுகணையும் கையெறிகுண்டும் வெடிபொருள் வகை. கவசப் பாகங்களில் இந்த இரு வகைகளுக்கும் தனித்தனித் தற்காப்பு எண்கள் உண்டு. ஒன்றில் மட்டும் உயர்ந்து மற்றதில் தாழ்ந்த பாகங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஏவுகணைகளை மார்புப் பாகத்தில் உள்ள தற்காப்புக் கருவி ஓரளவு சுட்டு வீழ்த்தும், ஆகவே அவற்றைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். கையெறிகுண்டுதான் ஆளை விழுத்துவது. அது நேராக வரும், ஆகவே எதிரிக்கு நேரே முன்னும் பின்னும் போகாமல், பக்கவாட்டில் வட்டமிட்டுக்கொண்டே இருங்கள். பக்கவாட்டில் நகரும் பொத்தானும் திரும்பும் பொத்தானும் ஒரே நேரத்தில் விரலில் இருக்க வேண்டும். குறிவைக்கும் கணினிகளில், எதிரி சிக்கினால் குறி விழும் திரைக்கட்டம் குறுகி வெகுதூரம் போகும் வகையைக் கழற்றிவிட்டு, தூரம் குறைந்தாலும் கட்டம் அகன்ற வகையைப் பொருத்துங்கள். வேகமாக ஓடும் எதிரியைத் திரையின் நடுவில் பிடித்து நிறுத்துவது நம் கையால் ஆகாது, அகன்ற கட்டம் இருந்தால் ஓரத்தில் தென்பட்டாலும் குறி விழும்.

கேள்வி: எந்திரத்துக்கு வண்ணம் பூசவும் சின்னம் வரையவும் இவ்வளவு விரிவான வசதி எதற்கு? அதனால் ஏதாவது பலன் உண்டா?

பதில்: எண்களில் எந்தப் பலனும் இல்லை. ஆனாலும் வரையுங்கள். இந்த எந்திரங்களை வடிவமைத்தவர் ‘மேக்ராஸ்’ என்ற ஜப்பானிய அனிமே தொடரின் எந்திரங்களால் புகழ்பெற்ற ஷோஜி கவமோரி. எந்தத் தலையை எந்த மார்போடு சேர்த்தாலும் பார்வைக்கு ஒரே உருவமாகத் தெரிவது அவருடைய திறமை. அதன் மேல் நம் கையால் புள்ளி புள்ளியாக வரைந்த சின்னம் ஏறியபின், தோற்றாலும் அந்த எந்திரத்தை எளிதில் கலைக்க மனம் வராது.

கேள்வி: தம்பியும் நானும் திரையை இரண்டாகப் பிரித்து மோதுகிறோம். அவன் எப்போதும் ‘கரசாவா’ லேசர்த் துப்பாக்கியையே எடுத்துக்கொள்கிறான். சில அடிகளிலேயே என் எந்திரம் முடிந்துவிடுகிறது. அதைத் தடை செய்ய வேண்டும் என்கிறேன், அவன் சம்மதிக்கவில்லை. யார் சொல்வது சரி?

பதில்: எங்கள் வீட்டிலும் இதே வழக்கு நடந்தது. அண்ணன் கையில் கரசாவா, என் கையில் புகார். அப்போது நானும் தடைதான் கேட்டேன், கிடைக்கவில்லை. கிடைக்காததே நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

கரசாவா மிகக் கனமானது. அதைத் தூக்கியவுடனேயே உங்கள் தம்பி வேகத்தையோ கவசத்தையோ மற்ற ஆயுதங்களையோ விட்டுக்கொடுத்திருக்கிறார். எதை விட்டுக்கொடுத்தார் என்பதைச் சண்டைக்கு முன் அவருடைய எந்திரத்தைப் பார்த்தே கண்டுபிடியுங்கள். அதைவிட முக்கியமானது, அது மின்சக்தி ஆயுதம் என்பதால் ஒவ்வொரு முறை சுடும்போதும் பூஸ்டர் குடிக்கும் அதே கோட்டிலிருந்துதான் குடிக்கிறது. அவர் பறந்துகொண்டே சுட்டால் கோடு இரட்டை வேகத்தில் வற்றும். ஆகவே அவரை அமைதியாக நின்று சுட விடாதீர்கள். விரைவாகச் சுடும் இயந்திரத் துப்பாக்கியும், தொடர்ந்து குறிபிடிக்கும் சிறு ஏவுகணைகளும் அதற்குப் போதும். அடி சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, அவர் விலகிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். மார்பில் உள்ள துணைக்கருவி இடங்களை மின்சக்தித் தற்காப்பைக் கூட்டும் கருவிகளுக்கு ஒதுக்குங்கள். உயரத் தாவும் பின்முழங்கால் கால்களைப் பொருத்திக்கொண்டு, அவருடைய தலைக்கு மேலேயே வட்டமிடுங்கள். அந்தக் காலத்துக் கட்டுப்பாட்டில் மேலே பார்ப்பதற்குத் தோள்பொத்தானை அழுத்த வேண்டும், அதே கையால் பக்கவாட்டிலும் நகர வேண்டும் என்பதால், மேலே இருப்பவனைப் பிடிப்பது கடினம்.

முடிந்தால் இன்னொரு பிளேஸ்டேஷனையும் டிவியையும் இணைப்புக் கம்பியையும் யாரிடமாவது இரவல் வாங்கி, தனித்தனித் திரையில் மோதிப் பாருங்கள். பிரித்த திரையில் அவர் எங்கே பதுங்கியிருக்கிறார் என்பது உங்களுக்கும், நீங்கள் எப்போது தாவப்போகிறீர்கள் என்பது அவருக்கும் தெரிந்துவிடுகிறது. தனித்திரையில் ரேடாரை நம்பித்தான் ஆக வேண்டும். அப்போது, எடைக்கு அஞ்சி முதுகு ரேடாரைக் கழற்றிவிட்டுக் கரசாவாவைத் தூக்கியிருந்தால், உங்கள் தம்பி உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்.