வாடகையும் பசியும்

அன்புள்ள ஐயா,

எங்கள் பகுதியில் சில நண்பர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துவருகிறோம். ஆரம்பத்தில் தெருவில் படுத்திருப்பவர்கள்தான் வந்தார்கள். இப்போது குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அதில் சிலர் வீட்டைக் காலி செய்துவிட்டு உறவினர் வீட்டில் ஒரே அறையில் இருக்கிறார்களாம். எங்களுக்குள் இப்போது கருத்து வேறுபாடு. தங்கும் விடுதி ஒன்று தொடங்கலாம் என்கிறார்கள் சிலர். கொடுத்துக்கொண்டே இருந்தால் அதையே நம்பி இருந்துவிடுவார்கள், நிறுத்திவிடலாம் என்கிறார்கள் வேறு சிலர். நாங்கள் செய்வதில் பலன் இருக்கிறதா? எதைச் செய்தால் இந்தக் குடும்பங்களுக்கு உண்மையில் உதவும்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

நிறுத்த வேண்டாம். பசித்து வந்து நிற்கும் குழந்தைக்குச் சாப்பாடு கொடுப்பதற்கு வேறு நியாயம் எதுவும் தேவையில்லை.

ஆனால் குடும்பங்கள் வர ஆரம்பித்திருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். குறைந்த வருமானமுள்ள ஒரு வீட்டின் மாதக் கணக்கைப் பாருங்கள். வாடகையில் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியைப் பிறகு தருகிறேன் என்று ஒரு மாதம் சொல்லலாம், இரண்டு மாதம் சொல்லலாம். அதற்கு மேல் முடியாது. பேருந்துச் செலவைக் குறைத்தால் வேலைக்குப் போக முடியாது. கேட்பார் இல்லாமல் குறைக்கக்கூடியது சாப்பாடு ஒன்றுதான். முதலில் அம்மா ஒரு வேளையை விடுவாள். அப்புறம் அப்பா. பிள்ளைகளின் தட்டில் குறைவது கடைசியில்தான். ஆக, பிள்ளைகளோடு ஒரு குடும்பம் உங்கள் வரிசையில் வந்து நிற்கிறதென்றால், பெரும்பாலும் அந்த வீட்டில் வாடகைச் சிக்கல் முற்றிவிட்டது என்று பொருள். நீங்கள் பசியைப் பார்க்கிறீர்கள். அதற்குப் பின்னால் பறிபோகப்போகும் வீடு ஒன்று இருக்கிறது.

இது என் ஊகம் மட்டுமல்ல. அமெரிக்காவில் 2010 முதல் குடும்பங்களைச் சேர்த்து நடத்திய ஓர் ஆய்வில், வீடிழந்தவர்களுக்கான தங்கும் விடுதிகளில் இருந்த 2,282 குடும்பங்களை 12 பகுதிகளிலிருந்து எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பிரித்து வெவ்வேறு வகை உதவிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். நீண்டகால வாடகை உதவி பெற்ற குடும்பங்கள் மறுபடி வீடிழப்பது, வழக்கமான உதவி மட்டும் கிடைத்த குடும்பங்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே குறைந்தது. அதைவிட என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது வேறொன்று. அந்தக் குடும்பங்களில் உணவுத் தட்டுப்பாடும் குறைந்தது. பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து வேறெங்கோ வளர்வது குறைந்தது. பள்ளிக்கூடம் மாறுவது குறைந்தது. பெண்கள் துணைவரிடம் அடி வாங்குவதும் குறைந்தது. கொடுத்தது வாடகைக்கான உதவி மட்டும்தான். குடும்பங்களுக்கான இடைக்காலத் தங்குமிடங்கள் இந்த அளவுக்குப் பலன் தரவில்லை.

நீண்டகால வாடகை உதவி அரசாங்கம் செய்யவேண்டிய வேலை, உங்கள் குழுவால் முடியாது. ஆனால் வீடு போவதற்கு முன்பே கொடுக்கும் ஒருமுறை உதவி உங்களால் முடியும். சிகாகோ நகரத்தில் வாடகை கட்ட முடியாமல் தவிப்பவர்கள் அழைக்க ஒரு தொலைபேசி எண் இருக்கிறது. நிதி சில நாள் இருக்கும், சில நாள் தீர்ந்துபோயிருக்கும். நிதி இருந்த நாளில் அழைத்தவர்களையும் இல்லாத நாளில் அழைத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. நிதி இருந்த நாளில் அழைத்தவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் தங்கும் விடுதிக்குப் போக நேர்வது 76 சதவீதம் குறைவாக இருந்தது. மற்றபடி இரு சாராரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தவர்கள். அழைத்த நாள்தான் வேறு. சார்ந்திருக்கப் பழகிவிடுவார்கள் என்று சொல்லும் நண்பருக்கு இதைச் சொல்லுங்கள்.

எனவே உங்கள் பணத்தில் ஒரு பகுதியை வாடகை நிதியாக ஒதுக்குங்கள் என்பதுதான் என் ஆலோசனை. தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு மாத பாக்கியோ, புது வீட்டுக்கான முன்பணத்தில் ஒரு பங்கோ போதும். யாருக்கு, எவ்வளவு வரை என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிடுங்கள். ஓர் ஆள் வந்து கேட்கும்போது கூட்டம் போட்டு விவாதிக்காதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டும், ஏனென்றால் வீட்டைக் காலி செய்யச் சொன்ன பிறகு ஒவ்வொரு நாளும் கணக்கு. பணத்தை நேராக வீட்டுக்காரரிடமே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அவரிடம் உட்கார்ந்து பேசவும் செய்யுங்கள். நல்ல குடித்தனக்காரரை அனுப்பிவிட்டு வேறொருவரைத் தேடுவது அவருக்கும் நஷ்டம்தான். பாக்கியைத் தவணையாகக் கட்டுவார்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மூன்றாவது ஆள் ஒருவர் சொன்னால் பலரும் இறங்கி வருவார்கள்.

யாருக்கு உதவி தேவை என்று தெரிந்துகொள்ள வரிசைக்காகக் காத்திருக்காதீர்கள். பள்ளி ஆசிரியர்களுக்கும் மருத்துவமனைச் செவிலியர்களுக்கும் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். திடீரென்று வராமல் நின்றுவிட்ட பிள்ளை, மருந்தைப் பாதியில் விட்ட தாய் என்று அவர்களால் சொல்ல முடியும். ஆனால் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் பெயரைக் கேட்காதீர்கள். உங்கள் எண்ணை அவர்களிடம் கொடுத்துவையுங்கள், அது போதும்.

உணவைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் குடும்பங்களுக்குப் பொட்டலத்துக்குப் பதில் மளிகைப் பொருள் கொடுங்கள். வெறுங்கையோடு இருக்கும் விருந்தாளியை எத்தனை நாள் பொறுத்துக்கொள்வார்கள்? இரண்டு வாரத்துக்கான மளிகையோடு வீட்டுக்குள் நுழையும்போது அங்கே அவர்களுக்கு ஒரு மரியாதை கிடைக்கிறது, இன்னும் சில வாரம் இருக்க முடிகிறது. அடுப்பே இல்லாதவர்களுக்குத்தான் சமைத்த சாப்பாடு. அப்புறம், தயவுசெய்து புகைப்படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளர்களுக்குக் காட்டவேண்டும் என்பார்கள். அந்தப் படம் பிள்ளையின் வகுப்பில் யார் கண்ணிலாவது பட்டால், அடுத்த வாரம் அந்தக் குடும்பம் வராது. பசியோடு வீட்டிலேயே இருந்துவிடும்.

விடுதி விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். கட்டிடம், இரவுக் காவல், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான பாதுகாப்பு எல்லாம் சேர்ந்து உங்கள் குழுவின் முழு சக்தியையும் இழுத்துக்கொள்ளும். குடும்ப விடுதிகள் பலவற்றில் அப்பாவையும் வளர்ந்த பையன்களையும் தனியாகப் பிரித்துவிடுவதும் நடக்கிறது. உடனடியாகக் கூரை தேவைப்படும் ஒன்றிரண்டு குடும்பங்களுக்கு வேறு வழி உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கேரன் ஓல்சன் என்பவர் 1980களில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். வட்டாரத்து வழிபாட்டுத் தலங்கள் முறைவைத்து, ஒவ்வொன்றும் ஒரு வாரம், தங்கள் கட்டிடத்தில் குடும்பங்களைத் தங்கவைத்துச் சாப்பாடும் கொடுத்தன. இன்று அது ‘ஃபேமிலி ப்ராமிஸ்’ என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் செயல்படுகிறது. இருக்கிற கட்டிடங்களையும் இருக்கிற ஆட்களையும் வைத்தே நடந்தது.

வீடிழந்தவர்களுக்கு முகவரி இல்லாததால் அரசு உதவிக் கடிதங்கள்கூட வந்துசேராது. உங்கள் குழுவின் முகவரியைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லலாம். விண்ணப்பங்களை நிரப்பத் தெரிந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை அங்கேயே ஒரு மேசை போட்டு உட்காரட்டும்.

கடைசியாக, எத்தனை பொட்டலம் கொடுத்தோம் என்ற கணக்கோடு இன்னொன்றையும் எழுதிவையுங்கள். வாடகைக்கு உதவிய ஒவ்வொரு குடும்பத்தையும் ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்து, அதே வீட்டில் இருக்கிறார்களா, இல்லையென்றால் எதனால் போனார்கள் என்று பெயர் இல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். வாடகை உதவித் திட்டமோ குறைந்த வாடகை வீடுகளோ கேட்டு உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்.