பழைய லாகுக்குப் புதுப் பெயர் வைக்கலாமா?

கேள்வி: மொரீஷியஸின் எபெனில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று செயலிகளின் லாகும் (நடந்ததைப் பதியும் குறிப்பு) இலாஸ்டிக்சர்ச் என்ற ஒரே தேடல் தரவுத்தளத்துக்குத்தான் போகிறது. ஐபி எனும் இணைய முகவரியை ஒன்று 'அத்ரெஸ்_ஐபி' என்று பிரெஞ்சில் எழுதுகிறது, இன்னொன்று 'கிளையன்ட்_ஐபி', மூன்றாவது வெறும் 'ஐபி'. எல்லாவற்றையும் 'சோர்ஸ்.ஐபி' ஆக்கு என்கிறார் மேலாளர். ஏபிஐ (நிரல்வழிக் கோரிக்கை) வழியாக மேப்பிங்கை, அதாவது எந்தத் தகவலுக்கு என்ன பெயர், என்ன வகை என்ற பட்டியலை, மாற்றப் போனால் பிழைதான் வருகிறது. பழைய லாகையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கிவிடலாமா?
— வாசகர், ரோஸ் ஹில்

பதில்: அழிக்க வேண்டாம் தம்பி. பிரெஞ்சில் ஒருவர், ஆங்கிலத்தில் ஒருவர், அவசரத்தில் ஒருவர் என்று ஆளுக்கொரு பெயர் வைக்காத அலுவலகத்தை நம் தீவில் நான் பார்த்ததில்லை.

உங்களுக்கு வருவது 400 பிழை. 'டெக்ஸ்ட்' வகையை 'ஐபி' வகையாக மாற்ற முடியாது என்கிற ரகமாக இருக்கும். ஏபிஐயில் கோளாறு எதுவும் இல்லை. வட்டில் எழுதி முடித்த செக்மென்ட்டை (தரவுத் துண்டு), இலாஸ்டிக்சர்ச்சின் உள்ளே இயங்கும் லூசீன் மறுபடி திருத்துவதே இல்லை. அதனால் இருக்கிற ஃபீல்டின் (தகவல் புலம்) பெயரையோ வகையையோ மாற்ற வழி கிடையாது. புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். அதை வைத்தே பாதி வேலையை முடித்துவிடலாம்.

முதலில் ஒரு 'கெட்' (படிக்கும் கோரிக்கை) அனுப்பி, இப்போதுள்ள மேப்பிங்கை அப்படியே ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். அதில் 'அத்ரெஸ்_ஐபி' என்ன வகை என்று பாருங்கள். ஏற்கெனவே 'ஐபி' வகை என்றால் அதிர்ஷ்டம்தான். அந்தச் செயலியின் பழைய இண்டெக்ஸ்களுக்கு (தரவுத் தொகுப்புகள்), '_மேப்பிங்' முகவரியில், ஒரு 'புட்' (எழுதும் கோரிக்கை) போதும்: 'சோர்ஸ்' ஆப்ஜெக்டுக்குள் 'ஐபி' என்றொரு ஃபீல்டு, அதன் டைப் 'ஏலியாஸ்' (மாற்றுப் பெயர்), பாத் (அது சுட்டும் ஃபீல்டு) 'அத்ரெஸ்_ஐபி'. அப்புறம் டேஷ்போர்டு 'சோர்ஸ்.ஐபி' என்று கேட்டால் பழைய லாகும் பதில் சொல்லும். இந்த வசதி 6.4 பதிப்பிலிருந்தே இருக்கிறது, ஏனோ பலர் தொடுவதில்லை. இதில் ஒரு வரம்பு உண்டு. ஓர் ஏலியாஸுக்கு ஒரே பாத் தான். மூன்று செயலிகளையும் ஒரே இண்டெக்ஸில் கொட்டியிருந்தால் இது உதவாது. அப்போது அதே 'புட்' மூலம் ரன்டைம் ஃபீல்டு ஒன்றைச் சேர்த்து, மூன்றில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும்படி சிறு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். ஒவ்வொரு தேடலின்போதும் உட்கார்ந்து கணக்கிடும் என்பதால் மெதுவாகத்தான் வரும். பழைய லாகை எப்போதாவது புரட்டுபவருக்கு அது போதும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: பழைய இண்டெக்ஸில் 'சோர்ஸ்' என்ற பெயரிலேயே சாதாரண ஃபீல்டு ஒன்று இருக்கிறதா? லாக் கோப்புகளைப் படித்து அனுப்பும் ஃபைல்பீட் 6 காலத்தில் லாக் கோப்பின் பாதையை அந்தப் பெயரில்தான் எழுதினார்கள். இருந்தால், அதற்குள் 'ஐபி' வைக்க அந்த இண்டெக்ஸ் ஒப்புக்கொள்ளாது.

அந்த நிலையிலும், 'அத்ரெஸ்_ஐபி' வெறும் 'டெக்ஸ்ட்' ஆகப் பதிவாகி, இன்ன நெட்வொர்க்கிலிருந்து வந்தவை என்று தேட வேண்டியிருந்தாலும், ரீஇண்டெக்ஸ் (புது இண்டெக்ஸுக்கு நகலெடுப்பது) செய்வதே மேல். சரியான மேப்பிங்கோடு புது இண்டெக்ஸை முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள். ரீஇண்டெக்ஸ் தரவை மட்டும்தான் நகலெடுக்கும், மேப்பிங்கை எடுத்து வராது. வட்டில் இன்னொரு பிரதிக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்ற அளவுருவோடு அனுப்பினால் டாஸ்க் எண் ஒன்று கிடைக்கும். அதை வைத்து எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். தைப்பூசக் காவடி விடுமுறைக்கு முந்தின மாலை மட்டும் இதைத் தொடங்காதீர்கள், கூப்பிட்டால் ஒருவரும் போனை எடுக்க மாட்டார்கள்.

இனி வரப்போகும் லாகுக்கு, வாசலிலேயே பெயரை மாற்றிவிடுங்கள். தரவை உள்ளே நுழையும்போதே திருத்தும் இன்ஜெஸ்ட் பைப்லைனில் 'ரீநேம்' ப்ராசஸர் வைத்து, இண்டெக்ஸ் டெம்ப்ளேட்டில் (புது இண்டெக்ஸுக்கான அச்சு) அதை டீஃபால்ட் பைப்லைன் ஆக்குங்கள். டெம்ப்ளேட்டை மாற்றியதும் எல்லாம் மாறிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. அது அடுத்துப் பிறக்கும் இண்டெக்ஸுக்குத்தான் பொருந்தும், ஆகவே ஒரு ரோல்ஓவர் (புது இண்டெக்ஸுக்கு மாறுவது) கொடுங்கள்.

மாற்றிய பிறகு, லாகை அனுப்பும் நிரலுக்கு வரும் பதிலை உள்ளே திறந்து படிக்க வேண்டும். மொத்தமாக அனுப்பும் 'பல்க்' கோரிக்கையில் பாதி வரிகள் நிராகரிக்கப்பட்டாலும் மேலே 200 (வெற்றி) என்றுதான் வரும். உள்ளே 'எரர்ஸ்' என்ற இடத்தில் 'ட்ரூ' இருக்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். நம் ஊரில் இதில் அடிக்கடி மாட்டுவது பிரெஞ்சு வழக்கத்துத் தசமக் காற்புள்ளி. 'ஃப்ளோட்' வகைக்கு 12.5 என்று வந்தால் ஏற்றுக்கொள்ளும், 12,5 என்று வந்தால் அந்த வரியையே திருப்பி அனுப்பிவிடும். புள்ளியாக மாற்றும் 'ஜிசப்' ப்ராசஸர் ஒன்றையும் அதே பைப்லைனில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பெயரெல்லாம் ஒழுங்காக மாறிவிட்டது. ஆனால் கிபானாவில் (லாகைத் தேடிப் பார்க்கும் திரை) கடைசி 15 நிமிடம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. லாக் வருவது நின்றுவிட்டதா, அண்ணா?
— வாசகி, போர்ட் லூயிஸ்

பதில்: நிற்கவில்லை அம்மா, எதிர்காலத்துக்குப் போய்விட்டது. உங்கள் செயலி நம் ஊர் நேரத்தை எழுதுகிறது, ஆனால் பின்னால் +04:00 என்று குறிப்பதில்லை. இலாஸ்டிக்சர்ச் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்ளும், கிபானா அதன்மேல் இன்னும் 4 மணி நேரத்தைக் கூட்டிக் காட்டும். முடிவு நேரத்தை நாளை வரை நீட்டிப் பாருங்கள், எல்லாம் அங்கே இருக்கும். பைப்லைனின் 'டேட்' ப்ராசஸரில் டைம்சோன் 'இந்தியன்/மொரீஷியஸ்' என்று கொடுத்தால் இனி வருபவை சரியாகிவிடும். நாள்-மாத வரிசையையும் அங்கேயே எழுதிவிடுங்கள், 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்ற சண்டையும் ஓயும்.

கேள்வி: கால அளவைக் குறிக்கும் 'துரே' ஃபீல்டு பட்டியலில் இரண்டு முறை தெரிகிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத்தான் இருக்கிறது. எது உண்மையானது?
— வாசகர், பியூ பாசின்

பதில்: இரண்டும்தான். மேலே கோடு போட்ட அந்தப் பிரெஞ்சு எழுத்தை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எழுத்தையும் கோட்டையும் தனித்தனிக் குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, இலாஸ்டிக்சர்ச்சுக்கு இரண்டு. ஃபீல்டு பெயரில் கோடு போட்ட எழுத்தே வேண்டாம் என்று நிரலாளரிடம் சொல்லுங்கள். பழையதுக்கு, மேலே முதல் பதிலில் சொன்ன ரன்டைம் ஃபீல்டு போதும்.