பிரேசல் வேர்ப் பட்டியலைப் பாடமாக்கும் மகளுக்காக

அம்மா, உயர்தரப் பெறுபேறு வரும் வரை பாசிக்குடாப் பக்கம் ஹோட்டல் வரவேற்புப் பிரிவில் வேலை செய்ய மகள் விரும்புவது நல்ல யோசனை. ஆனால் நேர்முகப் பரீட்சைக்காகப் பிரேசல் வேர்ப் (phrasal verb), அதாவது வினைச்சொல்லோடு ‘அப்’, ‘ஓஃப்’ போன்ற சிறு சொல் சேர்ந்து தனிப் பொருள் தரும் ஆங்கிலத் தொடர்களின் பட்டியலை அகரவரிசையில் பாடமாக்குகிறாள் என்றீர்களே, அதை நிறுத்தச் சொல்லுங்கள். ‘புட் ஓஃப்’, ‘புட் ஓன்’, ‘புட் அப்’ என்று அடுக்கிப் படித்தால் மூன்றும் குழம்பி, தேவைப்படும் நேரத்தில் ஒன்றும் வாயில் வராது.

சொல்லைப் பிரித்துப் பொருள் தேடுவதால்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். தமிழில் ‘விட்டுக்கொடு’ என்றால் விடுவதையும் கொடுப்பதையும் நாம் தனித்தனியாக நினைப்பதில்லையே. ‘ஈட்’ சாப்பிடு, ‘ஈட் அப்’ மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடி. ‘யூஸ் அப்’ இருந்ததையெல்லாம் பாவித்து முடி. இங்கே ‘அப்’ மேலே போவதைச் சொல்லவில்லை, வேலை முழுதாக முடிவதைச் சொல்கிறது. எல்லா ‘அப்’பும் இப்படியல்ல, ‘கெட் அப்’ எழும்புவதுதான். அதனால் ஒவ்வொன்றையும் முழு வசனத்தோடு கொப்பியில் எழுதட்டும்.

விருந்தினர் ஒருவர், ‘வீ ஹேவ் ரன் அவுட் ஒஃப் டவல்ஸ்’ என்கிறார். யாரும் வெளியே ஓடவில்லை, அறையில் துவாய் முடிந்துவிட்டது. அனுப்பிவைக்க வேண்டியதுதான். தொலைபேசியில், ‘ஐ வில் புட் யூ த்ரூ’ என்றால் உரியவருக்கு இணைப்புக் கொடுக்கிறேன் என்று அர்த்தம். அப்புறம், ‘இன்டர்வியூ இஸ் புட் ஓஃப்’ என்றால் வேறு நாளுக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள், காத்திருக்கலாம். ‘கோல்ட் ஓஃப்’ (called off) என்றால் ரத்து, வேறு இடம் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் மாற்றி விளங்கினால் பிள்ளைக்குத்தான் நட்டம்.

இலக்கணத்தில் ஒன்றை மட்டும் கவனிக்கட்டும். ‘டேர்ன் இட் டவுன்’ (அதை வேண்டாமென்று மறு) என்று ‘இட்’ நடுவில் வரும். ‘லுக் ஆஃப்டர் இட்’ (அதைக் கவனித்துக்கொள்) என்பதில் கடைசியில்தான் வரும். இதற்குக் காதுப் பழக்கம்தான் உதவும், விதியைப் பாடமாக்கிப் பயனில்லை.

விண்ணப்பக் கடிதத்தில் இவற்றை வலிந்து புகுத்த வேண்டாம். ‘புட் ஓஃப்’ என்பதைவிட ‘போஸ்ட்போன்’ என்று எழுதுவதே அங்கே பொருத்தம். முதலில் கேட்டு விளங்கினால் போதும், பேச்சில் பிறகு தானாக வரும்.

இந்த வாரம் தொலைபேசி, அறை, படிவம் சம்பந்தமாகப் பத்து வசனம் எழுதிக்கொண்டு வரட்டும். நான் விருந்தினராகவும் அவள் வரவேற்பு மேசையிலும் இருந்து பேசிப் பார்ப்போம்.