கேரேஜை அப்பா அம்மாவுக்கு வீடாக்கலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில், ப்ரீமான்ட் நகரில் எனக்குத் தனி வீடு இருக்கிறது. ஒட்டினாற்போல் உள்ள கேரேஜில் சமையலறை, குளியலறை கட்டி அப்பா அம்மாவைக் குடிவைக்க ஆசை. ஹெச்.ஓ.ஏ. எனும் குடியிருப்புப் பகுதி வீட்டு உரிமையாளர் சங்கம் கூடாது என்கிறது. பக்கத்து வீட்டுக்காரர், "உங்கள் கார் தெருவுக்கு வந்துவிடும், நகர அலுவலகத்தில் ஆட்சேபிப்பேன்" என்கிறார். கான்ட்ராக்டரோ, "உள்வேலைதானே, பெர்மிட் எதற்கு?" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: மூன்று பேர் சொல்வதும் சரியில்லை. ஆனால் உங்களுக்கு நிஜமான ஆபத்து கான்ட்ராக்டரின் பேச்சில்தான்.

முதலில் சங்கம். தனி வீட்டு மனையில், சட்டப்படி அமையும் ஏ.டி.யூ. எனும் துணைக் குடியிருப்பை (உங்கள் கேரேஜ் வீடும் இந்த வகைதான்) தடுக்கிற சங்க விதி செல்லாது என்கிறது கலிபோர்னியா சிவில் சட்டத்தின் 4751-ஆம் பிரிவு. 2020 முதல் இது நடப்பில் உள்ளது. வெளிச்சுவர் நிறம் போன்ற நியாயமான நிபந்தனைகளைப் போடலாம், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்சேபத்துக்கும் அங்கே இடமில்லை. விசாரணை கிடையாது. விதிக்குப் பொருந்தினால் அதிகாரி அனுமதி தந்தே ஆகவேண்டும். கேரேஜ் போனதற்கு வேறு பார்க்கிங் காட்டு என்று நகரம் கேட்க முடியாது. பழைய கட்டடத்தையே மாற்றுவதால் மனை எல்லையிலிருந்து 4 அடி இடம் விடும் பேச்சும் எழாது. ஆனாலும் அவரிடம் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் வேலைக்குப் போனபின் உங்கள் பெற்றோருக்கு அவசரம் என்றால் ஓடிவரக்கூடியவர் அவர்தான்.

பெர்மிட் விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். கேரேஜ் மனிதர் தூங்கக் கட்டிய இடமல்ல. பல வீடுகளில் கேஸ் வாட்டர் ஹீட்டர் அங்கேதான் இருக்கிறது. தீப்பிடித்தால் வெளியேற ஜன்னல், புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம், சரியான வயரிங் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் நகர இன்ஸ்பெக்டர். வயதானவர்கள் தூங்கும் அறைக்கு அந்தக் கையெழுத்து வேண்டாமா? பின்னாளில் வீட்டை விற்கும்போது பெர்மிட் இல்லாத கட்டுமானத்தை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும், விலையும் அடிபடும்.

செலவுக்கும் பயப்பட வேண்டாம். 750 சதுர அடிக்குக் குறைந்த ஏ.டி.யூ.வுக்கு, பூங்கா, சாலைக்கென நகரம் வாங்கும் கட்டணம் இல்லை. பெர்மிட் கட்டணம் உண்டு.

சரி, இப்போது செய்ய வேண்டியது: 4751-ஐக் குறிப்பிட்டுச் சங்கத்துக்குக் கடிதம் எழுதுங்கள். அப்புறம், வரைபடத்தோடு நகர அலுவலகத்தில் விண்ணப்பித்து, விண்ணப்பம் முழுமையானது என்பதைத் தேதியோடு எழுத்தில் வாங்குங்கள். அன்றிலிருந்து 60 நாளில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.