கட்டைவிரல் எந்தப் பக்கம் திரும்பியது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிளாடியேட்டர் படங்களில் பேரரசர் கட்டைவிரலைக் கீழே காட்டினால் தோற்றவன் சாவான், மேலே காட்டினால் பிழைப்பான். இது வரலாறே இல்லை என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். ரோமானியரின் கைச்சைகைகளுக்கு உண்மையில் என்ன பொருள் இருந்தது? அது நமக்கு எப்படித் தெரியும்?

தங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நண்பர் சொல்வது பாதி சரி. கட்டைவிரலுக்கு அரங்கில் வேலை இருந்தது. அது எந்தப் பக்கம் திரும்பியது என்பதைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை. கூட்டம் கட்டைவிரலைத் திருப்பிக் காட்டியதும், ஆட்டம் நடத்துபவர்கள் அதன் மனம் குளிரக் கொல்லவைப்பதாக அங்கதக் கவிஞர் ஜுவெனல் போகிறபோக்கில் சொல்கிறார். மேலா, கீழா, மார்பை நோக்கியா? சொல்லவில்லை. அவருக்கு முந்தைய எழுத்தாளர் மூத்த பிளினியோ, ஒருவருக்கு ஆதரவாகக் கட்டைவிரலை அழுத்திக்கொள்வது வழக்கம் என்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால், அழுந்திய விரல் உயிர், நீண்ட விரல் சாவு என்று கொள்ளவே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் படங்களில் பார்த்தது, பிரெஞ்சு ஓவியர் ஜெரோம் 1872இல் வரைந்த கை. 'ரோமானிய வணக்கம்' எனப்படும் நீட்டிய வலக்கையும் அப்படித்தான்: 1784இல் டாவிட் வரைந்த ஓவியத்திலிருந்து பரவியது. பழைய ரோமானிய நூல் எதுவும் அப்படியொரு வணக்கத்தை விவரிக்கவில்லை.

தோற்றவனின் சைகை பற்றி நமக்குத் தெளிவாகவே தெரியும். அவன் விரலை உயர்த்துவான். கி.பி. 80இல் ரோமின் பெரிய அரங்கான கொலோசியத்தின் திறப்பு விழாவைப் பாடிய கவிஞர் மார்ஷியல், பிரிஸ்கஸ், வேரஸ் என்ற இருவரின் சண்டையைச் சொல்கிறார். விரல் உயரும்வரை மோத வேண்டும் என்பது விதி. இருவரும் ஒரே நேரத்தில் பணிந்தார்கள். பேரரசர் டைட்டஸ் இருவருக்கும் விடுதலைக்கான மரவாளும் வெற்றிக்கான ஈச்ச ஓலையும் அனுப்பினார்.

ஆனால் ரோமானியரின் கைகளைப் பார்க்க அரங்கைவிட நீதிமன்றமே சரியான இடம். கி.பி. 95 வாக்கில் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் எழுதிய பெருநூலின் 11ஆம் பாகத்தில், விரல் விரலாகப் பாடம் இருக்கிறது. நடுவிரலை மடக்கிக் கட்டைவிரலோடு சேருங்கள்; மற்ற மூன்றும் நீண்டிருக்கட்டும். பேச்சைத் தொடங்க இது. கை இருபுறமும் மெல்ல அசைய, தலையும் தோளும் அது போகும் பக்கம் லேசாகச் சாய வேண்டும். நடந்ததைச் சொல்லும்போது இதே கை சற்று நீளும், உறுதிப்படும். எதிராளியை மறுக்கும்போது வேகமும் கூர்மையும் கூடும். கை கண்ணுக்கு மேலே போகக்கூடாது, மார்புக்குக் கீழே இறங்கக்கூடாது. இடக்கை மட்டும் தனியாகச் சைகை செய்யவே கூடாது. இவ்வளவு நுணுக்கமாக ஒரு கையைக் கவனித்த மனிதரை நினைத்தால் எனக்கு மரியாதை பெருகுகிறது.

அவரே இன்னொன்றும் சொல்கிறார்: கணக்குச் சொல்லும்போது வழக்கறிஞரின் விரல் தடுமாறினால், ஆள் படிக்காதவர் என்று கேட்பவர்கள் முடிவு கட்டிவிடுவார்களாம். ரோமானியர் எண்களை விரல்களை மடக்கிக் காட்டினார்கள்: ஒன்று முதல் 99 வரை இடக்கை விரல்களில், நூறு முதல் வலக்கையில். கிரேக்கக் காவியத்தில் வரும் நெஸ்டர் கிழவர் தன் வயதை வலக்கையில் எண்ணுகிறார், அதாவது நூறைத் தொட்டுவிட்டார், என்று ஜுவெனல் எழுதியதை ரோமானிய வாசகர் உடனே புரிந்துகொண்டிருப்பார். விரல் மடக்கும் முறை முழுதும் நமக்குக் கிடைப்பது கி.பி. 725இல் இங்கிலாந்துத் துறவி பீட் எழுதிய நூலில்.

வசைக்கும் கை உண்டு. நடுவிரலை நீட்டுவது அன்றும் ஆபாசம்தான். காவல்படை அதிகாரி காசியஸ் கைரியா நன்றி சொல்ல வரும்போதெல்லாம், முத்தமிடக் கையை நீட்டும் பேரரசர் கலிகுலா அதை ஆபாசமாக வளைத்து ஆட்டுவாராம். கி.பி. 41இல் கலிகுலாவைக் கொன்றவர்களில் முன்னால் நின்றவர் அந்தக் கைரியா.

படிக்க விரும்பினால் குவின்டிலியனின் அந்தப் பாகத்திலிருந்தே தொடங்குங்கள். எழுந்து நின்று, ஒவ்வொரு சைகையையும் கையில் செய்து பார்த்தபடி படியுங்கள். உட்கார்ந்து படித்தால் பாதி புரியாது.

அன்புடன்